சோட்டா ஆத்மி அலமு

போர்ட் பிளேயரில் கட்டட வேலை செய்த பெண்களில் அலமுதான் உயரம். சாரத்தின் முதல் தட்டில் நிற்கும் கொத்தனாருக்கு மற்றப் பெண்கள் கலவைச் சட்டியை எக்கிக் கொடுப்பார்கள். அலமு சும்மா கொடுப்பாள். அப்படிப்பட்டவளை அரசாங்கக் காகிதம் ஒன்று 'சோட்டா ஆத்மி', அதாவது சின்ன ஆள், என்று குறித்து வைத்திருந்தது. அதில் 'சோட்டா'வும் தவறு, ஆணைக் குறிக்கும் 'ஆத்மி'யும் தவறு. இரண்டு தவறும் சேர்ந்து அவளுக்கு ஒரு நல்லதைச் செய்தன. சரியாக எழுதப்பட்ட காகிதங்கள் எதுவும் அதுவரை அவளுக்கு ஒன்றும் செய்ததில்லை.

கடலூர்ப் பக்கத்திலிருந்து 1958இல் புருஷன் திருநாவுக்கரசோடு கப்பலேறி வந்தவள். அவன் தீவுகளுக்கு இடையே ஓடும் சரக்குக் கப்பலில் கயிறு இழுக்கும் கலாசி. மாதத்தில் பாதி கடலில் இருப்பான், மீதி பாதி தூங்குவான். ஷாதிபூரில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் குடித்தனம். சும்மா இருக்கத் தெரியாத அலமு, காண்ட்ராக்டர் ஜம்புலிங்கத்திடம் சித்தாளாகச் சேர்ந்தாள். ஊர் வளர்ந்துகொண்டிருந்த காலம். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், கிட்டங்கி என்று அரசாங்கம் எதைக் கட்டினாலும் அதில் ஒரு பங்கு முதலில் அலமுவின் தலைமேல் ஏறி, பிறகுதான் சுவரில் ஏறியது.

தலை தாங்கியது. கழுத்து தாங்கவில்லை. 1967 மழை ஓயும் சமயத்தில் இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலையில இனிமே எதுவும் வைக்காதேம்மா. பூவைக்கூட யோசிச்சு வை" என்றார். அலமு இதைப் புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சுமக்க முடியாத சித்தாளுக்கு மறுநாள் வேலை இல்லை என்பதை அவள் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள்.

வேறு வேலைக்கு மாறலாமே என்றால், அந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. கையாளாக வரும் ஆண் சில வருஷங்களில் கரண்டியைப் பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாளாக வரும் பெண் சித்தாளாகவே கிழவியாவாள். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. சட்டம் இருந்தாலாவது திருத்தச் சொல்லி மனுக் கொடுக்கலாம். ஆக, அலமுவுக்கு இருந்த வழி ஒன்றுதான்: கையில் கரண்டி வரவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும்.

கரண்டி சின்ஹா சாப் ரூபத்தில் வந்தது.

சின்ஹா நிர்வாகத்தின் தொழிலாளர் பிரிவில் ஆபீசர். வங்காளி, எழுத இங்கிலீஷும் பேசத் தீவு இந்தியும் வைத்திருந்தார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கொண்டுவரும் கொத்தனார்களில் பாதிப்பேர், கடல் மயக்கம் தெளிந்ததும் அடுத்த கப்பல் எப்போது என்றுதான் கேட்டார்கள். இதில் சலித்துப்போன யாரோ மேலே ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். எந்தக் காண்ட்ராக்டர் உள்ளூர் ஆளை அப்ரண்டிஸாக வைத்துக் கொத்து வேலை பழக்குகிறாரோ, அவருக்கு அந்த ஆளின் கூலியில் பெரும்பகுதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். கரண்டி, ரசமட்டம் போன்ற சாமான்களுக்கும் தனியாக உண்டு. வருஷ முடிவில் ஒரு பரீட்சை. இதை விளக்கத்தான் சின்ஹா ஜம்புலிங்கத்தின் வேலைத்தலத்துக்கு வந்தார்.

ஜம்புலிங்கம் அருப்புக்கோட்டைக்காரர். மானியம் என்றதும் அவர் இந்தியே கொஞ்சம் தெளிவாயிற்று.

"மிஸ்திரி கே நீச்சே ஜோ காம் கர்தா ஹை, உஸ்கோ தமிழ் மே க்யா போல்தா?" என்று கேட்டார் சின்ஹா. கொத்தனாருக்குக் கீழே வேலை செய்கிறவனைத் தமிழில் என்ன சொல்வீர்கள்? அவருக்குச் சொற்கள்மேல் ஒரு பிரியம்.

"சித்தாள், சாப்."

"சித்தாள்? மத்லப்?"

அந்த இடத்தில் 'ரேஜா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். கட்டட வேலைப் பெண்ணுக்குத் தீவு முழுதும் அதுதான் பெயர். ஆனால் ஒரு ஆபீசர் தன்னிடம் தமிழுக்குப் பொருள் கேட்கிறார் என்பதில் ஜம்புலிங்கத்துக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

"சித்துன்னா சோட்டா, சாப். ஆள்னா ஆத்மி. சோட்டா ஆத்மி!"

"வாஹ்! படா மிஸ்திரி, சோட்டா ஆத்மி. பஹுத் அச்சா!" பெரிய கொத்தனார், சின்ன ஆள் என்று ரசித்துச் சின்ஹா எழுதிக்கொண்டார். "நாம்?" பெயர் என்ன?

பெயரைப் பற்றி ஜம்புலிங்கம் யோசித்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாரத்தின்மேலிருந்து யாரோ, "அலமு, சாந்து!" என்று கத்தினான்.

"அலமு, சாப்."

சின்ஹா 'ஆலம்' என்று எழுதினார். அவருக்குத் தெரிந்த ஆலம்கள் எல்லாரும் ஆண்கள்.

ஆபீசர் போனதும் ஜம்புலிங்கம் அலமுவைக் கூப்பிட்டார். "ஒம் பேர ஆபீஸ்ல குடுத்திருக்கேன். யாராச்சும் பாக்க வந்தா கரண்டியப் புடிச்சுக்கிட்டு நில்லு. போனதும் சட்டியத் தூக்கு."

"என்னான்னு குடுத்தீங்க?"

"கொத்து வேல பழகுறன்னு."

"அப்ப பழகுறேன்."

"பழகுற மாதிரி நின்னாப் போதும்னு சொல்லுதேன்."

"மாதிரியெல்லாம் எனக்கு நிக்கத் தெரியாதுங்க. ஒண்ணு பழகுவேன். இல்லன்னா அந்த சாப் கிட்ட நான் யாருன்னு சொல்லிடுவேன்."

"யாருன்னு சொல்லுவ? சித்தாள்னா? அதத்தான நானும் சொன்னேன்!"

"நான் இந்தியில சொல்லுவேன்."

ஜம்புலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏறப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. மறுநாள் அலமு சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, நஜிமுதீன் பக்கத்தில் போய்க் குத்தவைத்தாள்.

நஜிமுதீன் ராமநாதபுரக் கடலோரத்துக்காரன். அவளைவிட வயதில் சின்னவன்; தீவிலேயே நேரான சுவர் அவனுடையது, கோணலான வாயும் அவனுடையது. ஒரு பெண்ணுக்குக் கொத்து வேலை பழக்குவதில் அவனுக்குச் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. வேடிக்கை பார்க்க ஒன்று கிடைத்தது என்று எடுத்துக்கொண்டான்.

அலமுவுக்கு வேலை எளிதில் வந்தது என்று சொன்னால் அது பொய். கல்லைப் பிடிக்கும் கை சரியாக இருந்தது; கலவை போடும் கை கெட்டிருந்தது. இத்தனை வருஷம் 'சாந்து எங்க, சாந்து எங்க' என்ற கூச்சலையே கேட்டுவந்தவளுக்கு, சாந்து எவ்வளவு போட்டாலும் நல்லது என்று மனதில் பதிந்துபோயிருந்தது. அள்ளி அள்ளிப் போட்டாள். சுவர் நடுவில் வயிறு தள்ளியது.

"அக்கா, கல்லுக்கு நடுவுல சாந்து வைக்கச் சொன்னா, நீங்க சாந்துக்கு நடுவுல கல்ல வைக்கிறீங்க" என்றான் நஜிமுதீன். இன்னொரு நாள் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு, "சுவரு மாசமா இருக்கு. பேறுகாலம் எப்ப?" என்று கேட்டான்.

"உன் வாயிக்கு ரெண்டு கை பூசினா எல்லாம் சரியாப் பூடும் தம்பி" என்றாள் அலமு. சொல்லிக்கொண்டே சுவரைப் பிரித்தாள். பிரித்ததை மறுபடி கட்டினாள். மறுபடி பிரித்தாள். மற்றச் சித்தாள்களுக்கு அவள் சுமையும் சேர்ந்து தலையில் ஏறியிருந்ததால், அவர்கள் வாய் சும்மா இல்லை. "கொத்தனாரம்மா வர்றாங்க, நாற்காலி போடுங்கடி!" என்றார்கள். அலமு இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தது; நியாயத்தோடு வாதம் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

வயிறு தள்ளுவது நின்று, சுவர் ஒருவாறு சுவராக நிற்க ஆரம்பித்த சமயத்தில் சின்ஹா பார்வையிட வந்தார்.

"ஆலம் கஹாங் ஹை?" ஆலம் எங்கே?

அலமு கரண்டியோடு எழுந்து நின்றாள். அவள் எழ எழ அவர் தலை நிமிர்ந்துகொண்டே போயிற்று.

"அரே! யே தோ அவுரத் ஹை!" பெண்பிள்ளை அல்லவா இது!

ஜம்புலிங்கம் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கப் போய்விட்டார். அலமுதான் பதில் சொன்னாள். "அவுரத் ஹை, சாப். தீவார் பீ ஹை. தீவார் தேக்கோ." பெண்தான், சுவரும் இருக்கிறது, சுவரைப் பாருங்கள்.

சின்ஹா சுவரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து விதிகளை எடுத்துப் பார்த்தார். விதியில் 'நபர்' என்றுதான் இருந்தது; எழுதியவருக்குப் பெண் என்ற நினைப்பே வராததால் விலக்கவும் மறந்திருந்தார். மேலும், 'சோட்டா ஆத்மி' என்ற சொல்லாராய்ச்சி ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து பாராட்டும் வந்திருந்தது. சின்ஹா நேர்மையானவர், தன் தவறை ஒப்புக்கொள்ள அஞ்சாதவர், ஆனால் அதை மேலிடத்துக்கு நகல்களோடு ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதுதான் அவரைத் தடுத்தது. 'ஆத்மி' என்றால் மனிதப் பிறவி, அதில் பெண்ணும் அடக்கம் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு செய்த பிறகு சரியானதைக் கண்டுபிடிப்பது பெரிய மனிதர்களின் வழக்கம்தான்.

வருஷம் முடியும் தறுவாயில் ஜம்புலிங்கத்துக்குத் திட்டத்தின் உட்கிடை புரிந்தது. ஒரு மாலை அலமுவைத் தனியாக அழைத்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. பரிச்சையில பெயிலாயிரு."

"என்னாது?"

"வேல தெரியாதவளா இருக்கிற மட்டுந்தான் சர்க்கார் மானியம் குடுக்கும். தெரிஞ்சிருச்சுன்னா நிப்பாட்டிருவான். பெறகு கொத்தனார் கூலி முழுசும் நான்ல ஒனக்குக் குடுக்கணும்? பொம்பளைக்குக் கொத்தனார் கூலி குடுத்தேன்னு தெரிஞ்சா மத்த காண்ட்ராக்டருங்க என்னைய ஊருக்குள்ள நடக்க விடுவானா? ஒரு வரிய மட்டும் சாச்சு வையி. இன்னொரு வருசம் பழகு. அதுக்குப் பெறகும் பழகு. சட்டி தூக்க வேண்டாம். ஒக்காந்து கல்லு வச்சுக்கிட்டே காலத்த ஓட்டிரலாம்."

"பாஸாயிட்டா?"

"பழையபடி சட்டி. இல்லைன்னா வீடு."

ஜம்புலிங்கம் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். அவர் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. கொத்தனார்களை உண்டாக்கப் போட்ட மானியம், ஒருத்தி கொத்தனார் ஆன அன்றைக்கே நின்றுவிடும். ஆகாமலே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அரசாங்கம் ஒரு கையால் பழகு என்றது, மறு கையால் பழகிவிடாதே என்றது. அலமுவின் கழுத்துக்குப் பார்த்தால் பழகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

திருநாவுக்கரசு அந்த வாரம் கரையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெயிலானா கழுத்துத் தப்பிக்குமில்ல?" என்றான்.

"தப்பிக்கும்."

"அப்ப பெயிலாயிடேன்."

"சாச்சுக் கட்டினா அந்தச் செவுரு அங்கியே நிக்கும்யா. நீ கப்பல்ல பூடுவ. நான்தான் தெனம் அந்தப் பக்கமா தண்ணிக்குப் போவணும்."

அதுதான் சிக்கல். பரீட்சைக்கென்று தனியாக ஒரு சுவர் கட்டி இடிக்க ஜம்புலிங்கத்துக்கு மனம் வரவில்லை. செங்கல் கப்பலில் வருவது. அதனால் ஷாதிபூர் குவார்ட்டர்ஸின் சுற்றுச்சுவரில், தெரு திரும்பும் மூலையையே பரீட்சைக்கு ஒதுக்கியிருந்தார். சாய்த்துக் கட்டினால் அந்தச் சாய்வு ஷாதிபூர் உள்ளவரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பரீட்சையன்று சின்ஹா, அவர் அழைத்துவந்த ஒரு ஓவர்சியர், நஜிமுதீன், வேலையைப் போட்டுவிட்டு வந்த சித்தாள்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அலமு நூல் கட்டினாள். மூலைக்கல்லை வைத்தாள். வரிமேல் வரியாகச் சுவர் இடுப்பளவு வந்தபோது ஜம்புலிங்கம் இருமினார். இருமலுக்கு என்ன அர்த்தம் என்பது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அலமு கையிலிருந்த கல்லை ஒரு தரம் புரட்டினாள். இடது கை மரத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம், ஒரு விரல் பருமன் வெளியே தள்ளி வைத்தால் போதும், கழுத்து பிழைக்கும்.

நூலை ஒட்டி வைத்தாள். கரண்டிக் காம்பால் தட்டினாள். அடுத்த கல்லை எடுத்தாள்.

ஓவர்சியர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், சாந்து இன்னும் ஒரு சுற்றுக் குறைத்திருக்கலாம் என்றார். அது உண்மை, அவள் கையிலிருந்து அந்தத் தாராளம் கடைசிவரை முழுதாகப் போகவில்லை. நஜிமுதீன் ஒன்றும் சொல்லவில்லை. நஜிமுதீன் ஒன்றும் சொல்லாத சுவர் அதுவரை தீவில் யாரும் கட்டியதில்லை. சின்ஹா கைகுலுக்க, அலமு பாஸானாள். ஜம்புலிங்கம் சிமெண்டுக் கப்பல் கவிழ்ந்த செய்தி வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வாழ்த்தினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவர். மறுநாள் சட்டியைக் காட்டினார். அப்போதுதான் அலமு கழுத்தைப் பற்றி அவரிடம் முதல்முறையாக வாய் திறந்தாள். ஜம்புலிங்கம் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். மற்றக் காண்ட்ராக்டர்களிடம் போனாள். "பொம்பள கொத்தனாரா? மெயின்லேண்ட்ல எங்கயாச்சும் உண்டா?" என்று சிரித்தார்கள். மெயின்லேண்ட் பிடிக்காமல் கப்பலேறி வந்தவர்களும்கூட எதற்கும் மெயின்லேண்டைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

அலமு சில வாரம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கைக்கு வேலை இல்லாமல் தன் அடுப்பை இரண்டு தரம் இடித்துக் கட்டினாள்.

பக்கத்துத் தெரு மெஹருன்னிசா அவளைத் தேடி ஆளனுப்பினாள். புருஷன் அப்துல் வாஹித் ஜவுளிக்கடைக்காரர். சரக்கு எடுக்க மெட்ராஸ் போனால், திரும்பக் கப்பலில் இடம் கிடைக்கும்போதுதான் வருவார். மழையில் சமையல்கட்டுச் சுவர் சரிந்து கிடந்தது.

"அலமுக்கா, நீங்க கொத்தனாராமே, நெசமா?"

"நெசந்தான். காயிதம் இருக்குது, கொண்டாந்து காட்டவா?"

"காயிதம் எதுக்கு? வீட்டு ஆம்பள ஊர்ல இல்ல. கொத்தனார உள்ள விட முடியாது. வெளியவே நின்னு கட்டிட்டுப் போன்னு சொல்லலாம்னா, பாழாப்போன சுவரு உள்ள இருக்கு!"

அலமு உள்ளே போனாள். சாந்து சுமக்க ஆள் இல்லை. மெஹருன்னிசாவும் அவள் நாத்தனார் நசீராவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டியைத் தூக்கினார்கள். ஜவுளிக்கடை வீட்டுப் பெண்கள் இருவரும் சித்தாளாக நின்றதைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. வெளியார் கண்ணில் படாமல் இருக்கும் கோஷாவினால் இப்படியும் ஒரு வசதி இருந்தது.

யாரும் யோசித்துப் பார்க்காத ஒன்று அப்போது வெளிப்பட்டது. போர்ட் பிளேயரில் பாதி ஆண்கள் எந்நேரமும் கடலிலோ மெயின்லேண்டிலோ இருந்தார்கள். மழையோ வருஷத்தில் பெரும்பகுதி ஊரிலேயே இருந்தது. இடிந்த சமையல்கட்டும் ஒழுகும் குளியலறையுமாக எத்தனையோ வீடுகள் ஆம்பிளை திரும்பட்டும் என்று காத்துக் கிடந்தன. அந்த வீடுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அலமுவுக்குக் கதவைத் திறந்தன. முஸ்லிம் வீடுகள் மட்டும் இல்லை. கப்பல்காரன் வீடு, காட்டு இலாகாக்காரன் வீடு, தெலுங்குக்காரர் வீடு என்று வரிசை நீண்டது. தூரத்துச் சௌல்தாரியிலிருந்துகூட ஒரு வீட்டில் வண்டி அனுப்பி அழைத்துப்போனார்கள். ஜம்புலிங்கம் கொடுக்கமாட்டேன் என்ற கூலியை அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்கள். அது கொத்தனாருக்கு உள்ள கூலி, அலமு கொத்தனார். இதில் பேச என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

அடுத்த மழைக்கு முன்னால் ஜம்புலிங்கத்துக்கு நெருக்கடி வந்தது. கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டக் குடியிருப்பு வேலைக்கு நல்ல கூலி என்று கேள்விப்பட்டு நஜிமுதீன் கப்பலேறிவிட்டான். மெயின்லேண்ட் கொத்தனார்களின் கப்பல் வருகிறது வருகிறது என்றார்கள்; வரவில்லை. ஒரு காலையில் அவர் குடையோடு மெஹருன்னிசா வீட்டுச் சந்தில் வந்து நின்றார். உள்ளே அலமு சந்தை ஒட்டிக் குளியலறைச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள். சுவர் அவர் மார்பளவு வந்திருந்தது. பெண்கள் இருந்ததால் அவர் உள்ளே போக முடியாது. சாந்து காய்ந்துவிடும் என்பதால் அவளும் வெளியே வர முடியாது. பேச்சு சுவருக்கு மேலாக நடந்தது.

"அலமு, ஷாதிபூர் வேல பாதியில நிக்கிது. நஜிமுதீன் போயிட்டான்."

"தெரியும். சொல்லிட்டுத்தான் போனான்."

"நீ வந்துரு."

"என்னாவா வரணும்?"

"ஒனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க." ஒரு கல் உட்கார்ந்தது.

"கொத்து வேலைக்குத்தேன்."

"கூலி?"

"அதெல்லாம் பேசிக்கிடலாம்." ஜம்புலிங்கம் பேரத்தை இழுத்துப் பழகியவர். சித்தாளுக்கு மேலே, கொத்தனாருக்குக் கொஞ்சம் கீழே என்று தொடங்கி, சிமெண்டு விலை, கப்பல் தாமதம், தன் மகள் கல்யாணம் என்று சுற்றி வந்தார். வெயில் ஏறியது. சுவரும் ஏறியது. அவர் தாடைவரைக்கும் வந்தது. குதிகாலை உயர்த்திப் பார்த்தார்.

உள்ளே மெஹருன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, அவர் பேச்சு முடியறதுக்குள்ள நம்ம சுவரு முடிஞ்சிரும் போலிருக்கே" என்றாள்.

"ஏ அலமு, ஒம் மொகமே தெரியலம்மா!"

"கொரலு நல்லா கேக்குதுங்க. சொல்லுங்க."

அடுத்த வரியும் ஏறியது. சந்தில் குடையின் நுனி மட்டும் சுவருக்கு மேலே தெரிந்தது. அது ஒருமுறை அந்தப் பக்கம் போயிற்று, மறுபடி திரும்பி வந்து நின்றது.

"சரி தாயி. நஜிமுதீனுக்குக் குடுத்த கூலி. அதுல ஒரு பைசா கொறையாது. போதுமா?"

அலமு கல்லின்மேல் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"செவ்வாக்கெழம வர்றேன். அதுக்கு முன்ன இந்த வீட்டுப் பூச்சு கெடக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சாந்து தெறிக்கும்."

குடை தள்ளி நின்றது. அவள் திரும்பி மெஹருன்னிசாவைப் பார்த்தாள்.

"தங்கச்சி, இன்னொரு சட்டி கொண்டா."